உண்ணலாம்

வியாழன் மாலை ஆறிலிருந்து ஏழு வரை
தீயணைப்பு நிலையத்தின் பின்னறை என்னுடையது.
தலைக்கவசங்கள் தொங்கும் சுவரோரம்
ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு குட்டிக் கத்தி,
ஊராட்சி தந்த சீட்டுப் புத்தகம்.
எங்கடீன் பள்ளத்தாக்கில் இந்தப் பக்கம்
காளான் பறித்தவர்கள் என்னிடம் காட்டிவிட்டுத்தான்
அடுப்பைப் பற்ற வைப்பார்கள்.

கடைசியாய் யாகென் வந்தான்.
மஞ்சள் அஞ்சல் பேருந்தை வெளியே உறும விட்டு,
சீருடையோடு,
கூடை நிறைய ஆரஞ்சு நிறத்தோடு.
"மலைமேல் கடைசி நிறுத்தத்தில் நாற்பது நிமிடம் நிற்கணும், ஆய்தா.
எவ்வளவு நேரம்தான் போனையே பார்ப்பது?"

"எந்த மரத்தடி?"
"மரத்தடிதான்."

மரம் தெரியாமல் காளான் தெரியாது.
நல்லவேளை, குடைகளில் ஒட்டிய குப்பை
அவனைவிட விவரமாய்ப் பேசியது:
இரண்டிரண்டாய்ச் சேர்ந்த ஊசி, பைன்.
ஒற்றையாய், குட்டையாய், ஸ்ப்ரூஸ்.
நடுவே பல் பல்லாய் விளிம்போடு
ஒரே ஒரு மஞ்சள் இலை, பிர்ச்.
அந்த இலைதான் என்னை
நாற்காலியை இழுத்துப் போட வைத்தது.

ஒவ்வொன்றாய்க் கீறினேன்.
செவுளின் ஓரம் கேரட் நிறத்தில் பால் துளிர்த்தது.
தண்டில் அம்மைத் தழும்பாய்க் குழிகள்.
குடைமேல், யாரோ கல்லெறிந்த குளமாய் வளையங்கள்.
கை பட்ட இடமெல்லாம் பச்சை,
துலக்காத செம்புக் குடத்தின் களிம்பு.
பார்த்தால் அழுகல் மாதிரி; அதுதான் நற்சான்று.
"ரைட்ஸ்கர்" என்றேன்.
அவன் நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டான்.

பதினேழாவதில் பால் வெள்ளை.
விளிம்பில் ஆட்டுக்குட்டிக் காதின் ரோமம்.
வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவன்
அன்றிரவு கழிப்பறையில் குடியிருப்பான்.
தொட்டியில் போட்டேன்.

"இதன் கால் எங்கே?"
"மண்ணாய் இருந்தது, வெட்டிவிட்டேன்."
காலில்லாததற்கு நான் பெயர் சொல்வதில்லை.
அதுவும் தொட்டிக்கு.
என்னமோ அவன் வீட்டு நாயை
நான் உதைத்துவிட்ட மாதிரி பார்த்தான்.

கீறிய சிலவற்றைக் கால்மணி நேரம் தள்ளி வைத்தேன்.
பால் மெல்லத் திராட்சை மது நிறத்துக்கு இறங்கியது.
ஸ்ப்ரூஸ் அடியில் பிறந்த தம்பி இது,
லேசாய்க் கசப்பான், கெட்டவனில்லை.
அதுவரை பேருந்தில்
ஒரு பள்ளிப் பையனும் அவனுடைய செல்லோப் பெட்டியும்
பொறுமையாய் உட்கார்ந்திருந்தார்கள்.

ஒரு கிலோ நூறு கிராம். உண்ணலாம்.
கையெழுத்து.

எழுதும்போது கை நடுங்காது.
இரவு இரண்டு மணிக்குத்தான் நடுங்கும்.
முப்பத்தொன்றைப் பார்த்தேனா, முப்பதா?
அந்தச் சிறியதைக் கீறினேனா,
கீறியதாய் நினைத்தேனா?
தொலைபேசியைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தேன்,
அடிக்கக் கூடாது என்பதற்காக.

ஐந்தேகாலுக்கு அடித்தது.

"ஆய்தா, சிவப்பாய்ப் போகிறது."
"எது?"
பேச்சில்லை.
பிறகு, பாதிரியாரிடம் சொல்லும் குரலில்:
"ஒன்றுக்கு."

சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
மரம் சொன்னேன், பால் சொன்னேன், கால் கேட்டேன்.
இதை மட்டும் சொல்ல மறந்திருக்கிறேன்.
"எத்தனை தட்டு?"
"மூன்று. வெங்காயம் போட்டு."
"வயிறு?"
"கல்லுமாதிரி இருக்கிறது. இன்னும் கொஞ்சம் மீதிகூட இருக்கிறது."
"காளானின் சாயம் அது. நாளைக்குத் தெளிந்துவிடும்."
"சீட்டில் எழுதியிருக்கக் கூடாதா?
மனைவி எழுவதற்குள் உயில் எழுத உட்கார்ந்துவிட்டேன்.
பேருந்தைத் தவிர எதுவும் நினைவுக்கு வரவில்லை,
அதுவும் என்னுடையதில்லை."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.
வந்தது, வைத்த பிறகு,
காபி பொங்கி அடுப்பு அணையும்வரை.

ஆறு ஐந்துக்கு முதல் பேருந்து
என் சன்னலைக் கடக்கும்போது
இரண்டு முறை ஹாரன் அடித்தது.
எட்டிப் பார்த்தேன்.
சாலையில் ஒரு மாடுகூட இல்லை.